வாசகர் கேள்வி–பதில்: அரசியலமைப்பும் எல்லையோரமும்

நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை பற்றிச் சென்ற இதழில் வந்த ஒரு பக்கக் குறிப்புக்குப் பாலக்காடு, மூணாறு, களியக்காவிளை, நகரி என்று நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கேட்டவையும் உண்டு, மொழியையும் எல்லையையும் பற்றிக் கோபத்தோடு கேட்டவையும் உண்டு. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: 'இந்திய மக்களாகிய நாம்' என்று முகவுரை தொடங்குகிறது. அந்தச் சபைக்கு எங்கள் தாத்தா, பாட்டி ஓட்டுப் போட்டார்களா? எங்கள் பக்கத்திலிருந்து யார் போனார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

ப: போடவில்லை ஐயா. பொதுத்தேர்தல் நடத்தி ஆளெடுக்க அவகாசம் போதாது என்று 1946 மே 16 அன்று வெளியான, பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் திட்டம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இருந்த மாகாணச் சட்டசபை உறுப்பினர்களே நிர்ணய சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு ஓர் இடம். பொது, முஸ்லிம், சீக்கியர் என்று மூன்று பிரிவு, விகிதாசார முறை. அந்தச் சட்டசபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி இருந்தவர்கள் மட்டும். ஆக, சாதாரணக் குடியானவனுக்கும் அந்தச் சபைக்கும் நடுவே இரண்டு சுவர்.

மொத்தம் 389 இடம்: கவர்னர் மாகாணங்களுக்கு 292, தலைமை ஆணையர் மாகாணங்களுக்கு 4, சமஸ்தானங்களுக்கு 93. மாகாணங்களின் 296-இல் காங்கிரஸ் 208, முஸ்லிம் லீக் 73. 1946 டிசம்பர் 9 அன்று சபை கூடியபோது லீக் வரவில்லை. பிரிவினைக்குப் பிறகு சபை 299 பேராகச் சுருங்கியது.

உங்கள் ஊர்க் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. பக்கத்திலேயே இருக்கும் உங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம். மூணாறும் பீர்மேடும் திருவிதாங்கூர். இந்த மூன்றும் மூன்று வழியாகச் சபைக்குள் வந்தன. சென்னை மாகாணம் முதல் நாளே இருந்தது. கொச்சி 1947 ஏப்ரல் 28 அன்று வந்து அமர்ந்த முதல் சமஸ்தானங்களில் ஒன்று. அதற்கு ஒரே இடம், பனம்பிள்ளி கோவிந்த மேனன். திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி அய்யரோ, 'பிரிட்டிஷார் போனதும் நாங்கள் தனி நாடு' என்று 1947 ஜூனில் அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள்; உயிர் தப்பினார். சில நாளில் சமஸ்தானம் இணைவுக்குச் சம்மதித்தது, அவரும் பதவியை விட்டுப் போனார். அதன் பிறகுதான் திருவிதாங்கூரின் ஆறு பேர் டெல்லி போனார்கள். அவர்களில் ஒருவர் பி.எஸ். நடராஜபிள்ளை, மனோன்மணீயம் சுந்தரம்பிள்ளையின் மகன். இது நம் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. இன்னொருவர் ஆனி மஸ்கரீன். சென்னை மாகாணத்து இடங்களில் பாலக்காடு ஆனக்கரையின் அம்மு சுவாமிநாதனும், கொச்சிப் புலையர் சமூகத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதனும் இருந்தார்கள். சபையில் இருந்த பெண்கள் மொத்தமே 15.

கே: அம்பேத்கர் தனியாக எழுதினாரா, குழு எழுதியதா? கைடு புத்தகங்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. பரீட்சையில் என்ன எழுதுவது சார்?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, மூணாறு

ப: படிப்படியாக எழுதுங்கள், மார்க் வரும்.

முதலில் தனித்தனிக் குழுக்கள். மத்திய அரசின் அதிகாரம், அமைப்பு இரண்டுக்கும் நேரு தலைமை. மாகாண அமைப்புக்கும், அடிப்படை உரிமை–சிறுபான்மையினர் ஆலோசனைக் குழுவுக்கும் பட்டேல். இவை 1947 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அறிக்கை தந்தன. சபை அவற்றை விவாதித்துக் கொள்கை அளவில் முடிவெடுத்தது. அடுத்த படி பி.என். ராவ். இவர் சபை உறுப்பினரே அல்ல, சம்பளம் வாங்காத அரசியலமைப்பு ஆலோசகர். அந்த முடிவுகளைச் சட்ட வாசகமாக்கி 1947 அக்டோபரில் 243 பிரிவு, 13 அட்டவணை கொண்ட முதல் வரைவைத் தந்தார். மூன்றாவதாக வரைவுக் குழு. 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்தது, தலைவர் அம்பேத்கர். ராவின் வரைவைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டியது: 315 பிரிவு, 8 அட்டவணை. 1948 பிப்ரவரியில் வெளியிட்டு, மாகாண அரசுகள், நீதிமன்றங்கள், பொதுமக்கள் எல்லாரும் கருத்துச் சொல்ல எட்டு மாதம் விட்டார்கள். நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அதைச் சபையில் வைத்தார். நவம்பர் 15 முதல் 1949 அக்டோபர் 17 வரை பிரிவு பிரிவாக விவாதம். நவம்பர் 26 அன்று நிறைவேறியபோது 395 பிரிவு, 8 அட்டவணை.

தனியாக எழுதினாரா என்றால், இல்லை. பாரம் அவர் தலையில் விழுந்ததா என்றால், விழுந்தது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று சபையில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: ஏழு பேரில் ஒருவர் விலகி அவரிடத்துக்கு வேறொருவர் வந்தார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சமஸ்தான வேலையில், ஓரிருவர் டெல்லிக்கு வெகு தொலைவில், உடம்பும் சரியில்லை, கடைசியில் வேலை அம்பேத்கர் மேல் விழுந்தது என்று. அம்பேத்கரோ 1949 நவம்பர் 25 அன்று பேசியபோது ராவையும், வாசகம் அமைத்த எஸ்.என். முகர்ஜியையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். இரண்டையும் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.

கே: அரசியலமைப்பு வரைவுக்கு 7,635 திருத்தம் வந்ததாம், 2,473 தான் சபையில் எடுத்தார்களாம். மீதி எங்கே போயின? வாயடைத்துவிட்டார்களா?
– சட்டக் கல்லூரி மாணவர், பாலக்காடு

ப: பாதி சரி. உறுப்பினர் திருத்தத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். அது எண்ணிட்டு அச்சாகி எல்லார் கைக்கும் போகும். பிரிவு விவாதத்துக்கு வரும்போது அவைத்தலைவர் எண்ணைச் சொல்லி அழைப்பார். கொடுத்தவர் எழுந்து முன்மொழிந்தால்தான் கணக்கு. ஒரே கருத்தைப் பத்துப் பேர் கொடுத்திருந்தால் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிடுவார்கள். கமா, அரைப்புள்ளி மாற்றும் திருத்தங்களை வரைவுக் குழுவிடம் தள்ளிவிடுவார்கள். பெரும்பகுதி இப்படித்தான் உதிர்ந்தது.

மீதிச் சங்கதி வேறு. காங்கிரஸ் உறுப்பினர்கள் சபைக்கு வெளியே தனியாகக் கூடி, எந்தத் திருத்தத்தை ஏற்பது, எதை விடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்வார்கள். சபையில் எண்ணிக்கை பலம் அவர்களுக்கு. அதனால் சில பிரிவுகளில் உண்மையான சண்டை அந்தக் கூட்டத்தில் முடிந்துவிட்டது, பதிவேட்டில் நமக்குக் கிடைப்பது அதன் முடிவு மட்டும். விவாதப் பதிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

ஒரு பிரிவு உள்ளே நுழைந்த விதத்தைப் பாருங்கள். 1948 வரைவில் கிராமப் பஞ்சாயத்து என்ற பேச்சே கிடையாது. காந்தியின் பெயரைச் சொல்லிச் சபைக்கு வந்தவர்கள் இதைக் கண்டு கொதித்தார்கள். அம்பேத்கரோ நவம்பர் 4 உரையிலேயே கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று சொல்லிவிட்டார். எரிகிற தீயில் எண்ணெய். நவம்பர் 22 அன்று கே. சந்தானம் '31-ஏ' என்று ஒரு புதுப் பிரிவை முன்மொழிந்தார்: அரசு கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரம் தரவேண்டும். அம்பேத்கர் எழுந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். இன்றைய 40-ஆவது பிரிவு இதுதான். ஆனால் போய் உட்கார்ந்த இடம் வழிகாட்டு நெறிகள். வழக்குப் போட்டு வாங்கமுடியாத இடம். 73-ஆவது திருத்தம் 1993-இல் அமலுக்கு வரும்வரை பஞ்சாயத்துத் தேர்தலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட அரசுகளை அந்தப் பிரிவால் ஒன்றும் செய்யமுடியவில்லை. பிரிவு உள்ளே போனதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த பாகத்தில் போனது என்றும் பார்க்கவேண்டும்.

கே: முதல் வாக்காளர் பட்டியலில் பெண்களின் பெயரே இல்லாமல் 'இன்னாரின் மனைவி' என்று எழுதினார்களாமே?
– வாசகி, சித்தூர்

ப: உண்மை. பெயர் சொல்லமாட்டோம் என்ற பெண்களை, அல்லது சொல்லவிடாத வீடுகளை, கணக்கெடுக்கப் போனவர்கள் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டு அவகாசமும் கொடுத்தது. அப்படியும் 1951–52 தேர்தலின்போது சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து போனது. பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம். நம் பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. 1948 பிப்ரவரியிலேயே வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டு என்று திருவிதாங்கூர் தேர்தல் நடத்திவிட்டது, நாட்டுக்கு நான்கு ஆண்டு முன்னாலேயே.

இதில் எல்லையோரத்தார் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அரசியலமைப்பு நிறைவேறும் முன்பே, 1948 முதலே, பட்டியல் வேலை தொடங்கிவிட்டது. 1949 ஜனவரி 1 அன்று 21 வயது நிறைந்திருக்கவேண்டும். 1948 மார்ச் 31-இல் முடியும் ஆண்டில் 180 நாள் அந்த ஊரில் இருந்திருக்கவேண்டும். இந்த 180 நாளைப் பிடித்துக்கொண்டு சில மாகாணங்களில் அகதிகளையும் வேற்றுமொழிக்காரர்களையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். புகார்கள் டெல்லிக்குப் போய்க் குவிந்தன.

1948 வரைவில் 289-ஆவது பிரிவு என்ன சொல்லியிருந்தது என்றால், நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓர் ஆணையம், மாநிலத் தேர்தலுக்கு அந்தந்த மாநிலத்தில் தனி ஆணையம். 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை அடியோடு மாற்றிக்கொண்டு வந்தார்: எல்லாத் தேர்தலுக்கும் டெல்லியில் ஒரே ஆணையம். காரணத்தையும் மறைக்கவில்லை. சில மாகாணங்களில் இனத்தாலோ பண்பாட்டாலோ மொழியாலோ அங்கே பெரும்பான்மையானவர்களைச் சேராத மக்களைப் பட்டியலிலிருந்து விலக்குவதாகத் தகவல் வந்திருக்கிறது, ஓட்டுரிமையை மாகாண அரசின் தயவில் விடமுடியாது என்றார். மாகாண அதிகாரத்தைப் பறிக்கிறீர்களே என்று எதிர்ப்பு வந்தது, நின்றதென்னவோ அம்பேத்கரின் வாசகம். இன்றைய 324-ஆவது பிரிவு அது. பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளியின் பெயரும் ஆந்திரத்தின் குப்பம் ஊர்த் தமிழரின் பெயரும் பட்டியலில் விட்டுப்போனால் மேல்முறையீடு எங்கே போய் முடியவேண்டும் என்பதை அன்றைய அந்த விவாதம் தீர்மானித்தது. அடிப்படை உரிமை பற்றிய பெரிய உரைகளைவிட இது முக்கியமான நாள் என்பது எங்கள் கருத்து.

கே: மொழிவாரி மாநிலம் காங்கிரஸின் பழைய வாக்குறுதி. பிறகு ஏன் 1949-லேயே எல்லையைப் பிரித்து எழுதவில்லை? எழுதியிருந்தால் தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்ற பிரச்சினையே இருந்திருக்காதே!
– வாசகர், செங்கோட்டை

ப: எழுதியிருந்தால் அன்றே தீர்ந்திருக்குமா, அல்லது அன்றே வெடித்திருக்குமா என்பதுதான் சபையின் பயம். 1948 ஜூனில் சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நீதிபதி எஸ்.கே. தார் தலைமையில் ஓர் ஆணையம் வைத்தார். ஆந்திரம், கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவற்றைப் பிரிக்கலாமா என்பது கேள்வி. டிசம்பரில் வந்த பதில்: மொழியை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். அடுத்து நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமய்யா மூவர் குழு 1949 ஏப்ரலில், இப்போது வேண்டாம், ஆந்திரத்தை மட்டும் பரிசீலிக்கலாம் என்றது. நாடு பிளந்து இரண்டு வருடம் ஆகவில்லை, அகதிகள் ரயில் ரயிலாக வந்துகொண்டிருந்த காலம்.

எனவே எல்லையை அப்படியே வைத்துவிட்டு, அதை மாற்றும் வழியை மட்டும் மிகச் சுலபமாக்கினார்கள். அதுதான் 3-ஆவது பிரிவு. புது மாநிலம் அமைக்க, எல்லையைக் கூட்டக் குறைக்க, பெயர் மாற்ற நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். குடியரசுத் தலைவர் பரிந்துரையோடு மசோதா வரவேண்டும். அதற்கு முன் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும். கருத்துத்தான், சம்மதம் அல்ல. மாநிலம் வேண்டாம் என்றாலும் நாடாளுமன்றம் செய்யலாம். கருத்துச் சொல்லாமலே இழுத்தடித்தால் என்ன செய்வது என்ற ஓட்டையை 1955-இல் ஐந்தாவது திருத்தம் அடைத்தது: குடியரசுத் தலைவர் கெடு வைக்கலாம். 4-ஆவது பிரிவு, இப்படிச் செய்வது அரசியலமைப்புத் திருத்தம் ஆகாது என்கிறது. நாட்டு நிலத்தை அந்நிய நாட்டுக்குக் கொடுப்பது மட்டும் இந்த வழியில் முடியாது, அதற்குத் திருத்தமே வேண்டும் என்று 1960-இல் மேற்கு வங்கத்துப் பெருபாரி பகுதி பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் எல்லைகளெல்லாம் இந்தப் பிரிவு வழியாக வந்தவை. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உண்ணாவிரதத்தில் இறந்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் வந்தது, ஆந்திரப் பக்கத்துச் சித்தூர் ஜில்லா அதோடு போனது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் உங்கள் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரும் கேரளத்திலேயே தங்கின. ஆந்திர–சென்னை எல்லைத் தகராறை விசாரித்த படாஸ்கரின் சிபாரிசின்படி 1959-இல் ஒரு சட்டம் இயற்றி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்து, பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்தை ஆந்திரத்துக்குக் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் எல்லைக் கோரிக்கையோடு மாநிலச் சட்டமன்றத்தில் தீர்மானம் போடச்சொல்லி மனு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தீர்மானம் அரசியல் அழுத்தம் தரும், சட்டப்படி யாரையும் கட்டாது. மசோதா பிறக்கும் இடம் டெல்லி.

கே: ஆந்திரத்து நகரியில் தமிழில் மனு கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள். இதற்கெல்லாம் அரசியலமைப்பில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா, இல்லையா?
– நெசவாளர், நகரி

ப: எழுதியிருக்கிறார்கள், இரண்டு தவணையாக. 1949-இல் எழுதியவை: 29-ஆவது பிரிவு, தனி மொழி உள்ள எந்த மக்கள் பிரிவினரும் அதைக் காத்துக்கொள்ளலாம், 30, மொழிச் சிறுபான்மையினர் பள்ளி நடத்தலாம், 347, ஒரு மாநிலத்தில் கணிசமானோர் கேட்டால் அவர்கள் மொழியையும் அரசு அங்கீகரிக்கக் குடியரசுத் தலைவர் பணிக்கலாம், 350, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் யாரும் கொடுக்கலாம். 1956-இல் மாநிலங்களைப் பிரித்த பிறகு, எல்லைக்கு அந்தப்பக்கம் நின்றுபோனவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வந்து, ஏழாவது திருத்தத்தில் சேர்த்தவை: 350-ஏ, தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்வி, 350-பி, மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அதிகாரி. கோடு போட்ட பிறகுதான் கோட்டுக்கு அந்தப்பக்கத்தாரின் நினைவு வந்திருக்கிறது.

உங்கள் மனுவில் 350-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நேரில் வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறை சொல்லியாகவேண்டும்: மனுவைத் தமிழில் கொடுக்கும் உரிமையை அந்தப் பிரிவு தருகிறது, பதில் தமிழில் வரும் என்று சொல்லவில்லை. கேரளத்து வாசகர்களுக்கு இதில் கூடுதல் பிடி உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் உள்ளூர் அலுவலகங்களோடும் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வரவேண்டும்.

பள்ளிக்கு 10/40 கணக்கு: வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளியில் 40 பிள்ளைகள் தமிழ் கேட்டால் தமிழாசிரியர் வேண்டும். 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒப்புக்கொண்ட அளவு இது. பெரும்பாலும் கோளாறு நடப்பது சேர்க்கைப் படிவத்தில். தாய்மொழிக் கட்டத்தில் பள்ளியிலேயே தெலுங்கு என்றோ மலையாளம் என்றோ நிரப்பிவிட்டால், கணக்கில் ஒன்பது பேர்தான் காட்டும். ஆசிரியர் பணியிடம் வராது. பெற்றோர் படிவத்தைத் தாமே நிரப்பவேண்டும். கல்வியாண்டு தொடங்கும் முன்பே எழுத்தில் விருப்பத்தைப் பதிவு செய்துவிட்டால், பிறகு எண்ணிக்கை இல்லை என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

350-பி அதிகாரியிடம் நிறைய எதிர்பார்க்காதீர்கள். அவர் விசாரிப்பார், குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார், அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் அறிக்கையில் உங்கள் பள்ளிப் பெயர் ஏறினால், அடுத்து நீதிமன்றம் போகும்போது அது ஆவணம்.

கே: ஆரம்பத்தில் வந்த பெரிய வழக்குகள் எல்லாம் 'எதிர் சென்னை மாகாணம்' என்றே இருக்கின்றனவே, ஏன்?
– வழக்கறிஞர், நெய்யாற்றின்கரை

ப: மூன்றும் மூன்று விதம். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தடுப்புக் காவலில் சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். ரமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையை மாகாண அரசு உள்ளே விடவில்லை. செண்பகம் துரைராஜன், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை எதிர்த்தார்.

கோபாலன் வழக்கின் வேர் நிர்ணய சபையிலேயே இருக்கிறது. உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்க அமெரிக்க பாணியில் 'நியாயமான சட்டமுறை' வேண்டும் என்ற வாசகமே முதலில் இருந்தது. பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி பிராங்பர்ட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சொற்களை வைத்து நீதிபதிகள் சட்டமன்றத்தின் சட்டங்களையே ரத்து செய்யலாம் என்ற எச்சரிக்கை கிடைத்தது. வரைவுக் குழு 'சட்டம் விதித்த நடைமுறை' என்று மாற்றியது. 1948 டிசம்பரில் சபை கடுமையாக எதிர்த்தும் அப்படியே நிறைவேறியது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1949 செப்டம்பரில் வரைவில் 15-ஏ (இன்றைய 22-ஆவது பிரிவு) வந்தது: கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். அதே பிரிவு தடுப்புக் காவலுக்கும் கதவு திறந்து வைத்தது. 1950 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், நடைமுறை என்று சட்டத்தில் எழுதியிருந்தால் போதும் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. மாறுபட்டவர்களில் ஒருவர் நீதிபதி பசல் அலி. பின்னாளில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்துக்குத் தலைவராகி தேவிகுளம், பீர்மேட்டைக் கேரளத்துக்கே சிபாரிசு செய்தவரும் இவரே! கோபாலன் தீர்ப்பின் குறுகிய பார்வையை 1978-இல் மேனகா காந்தி வழக்குதான் மாற்றியது.

தாப்பர், செண்பகம் தீர்ப்புகளும் பீகார் நிலச் சீர்திருத்த வழக்கும் சேர்ந்து 1951 ஜூன் 18 அன்று முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தன. அரசியலமைப்பு அமலாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. திருத்தியது யார் தெரியுமா? அதே நிர்ணய சபைதான், தற்காலிக நாடாளுமன்றம் என்ற பெயரில். எழுதியவர்களே திருத்தினார்கள் என்பதால், மூலவர்களின் நோக்கத்துக்கு விரோதம் என்று முதல் திருத்தத்தை மட்டும் எளிதில் சொல்லிவிடமுடியாது.

கே: கவர்னர் ஜெனரல் கையெழுத்துப் போட்டால்தானே சட்டம்? நம் அரசியலமைப்பில் அது இல்லையே, செல்லுமா?
– சட்ட மாணவர், களியக்காவிளை

ப: நல்ல கேள்வி. வேண்டுமென்றேதான் விட்டார்கள். கவர்னர் ஜெனரல் அப்போது ராஜாஜி, நம்மவர். ஆனாலும் அவர் ஒப்புதல் தரும் அதிகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1947 இந்திய சுதந்திரச் சட்டத்திலிருந்து வருவது. அவரிடம் அனுப்பினால் நம் அரசியலமைப்பும் லண்டன் சட்டத்தின் குழந்தை என்றாகிவிடும். எனவே சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்திட்டுச் சான்றளித்ததோடு முடித்தார்கள். கடைசிப் பிரிவான 395, அந்தச் சுதந்திரச் சட்டத்தையும் 1935 சட்டத்தையும் ரத்து செய்கிறது. தன்னைப் பெற்ற சட்டத்தையே ரத்து செய்த சபை!

கே: நவம்பர் 26, ஜனவரி 26: எது சரி? கையால் எழுதிய மூலப் பிரதி எங்கே? செலவு எவ்வளவு?
– குயவன்குளம், மீனாட்சிபுரம், பாறசாலையிலிருந்து பலர்

ப: நிறைவேறியது 1949 நவம்பர் 26. குடியுரிமை, தேர்தல் ஆணையம், தற்காலிக நாடாளுமன்றம் போன்ற சில பிரிவுகள் அன்றே அமலாயின. மற்றவை 1950 ஜனவரி 26, 1930-இல் பூரண சுயராஜ்ய நாள் கொண்டாடிய தேதி. 284 பேர் கையெழுத்திட்டது ஜனவரி 24. ஆங்கிலப் பிரதியைக் கையால் எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. ஓவியம் நந்தலால் போஸும் சாந்திநிகேதன் மாணவர்களும். மூலம் நாடாளுமன்ற நூலகத்தில், காற்றுப் புகாத பெட்டியில் இருக்கிறது. செலவு சுமார் 64 லட்சம் ரூபாய். அம்மு சுவாமிநாதனுக்குப் புத்தகத்தின் பருமன்தான் குறை: கைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவு சின்னதாக இருக்கவேண்டாமா என்று சபையிலேயே கேட்டார்.

கே: விவாதப் பதிவுகளில் 21-ஆவது பிரிவைத் தேடினால் வேறு ஏதோ வருகிறது. எப்படித் தேடுவது?
– நூலகர், குமுளி

ப: சபை விவாதித்தது 1948 வரைவின் எண்களை வைத்து. இறுதியில்தான் எண் மாற்றினார்கள். அதனால் பழைய எண்ணைத் தெரிந்துகொண்டு தேடவேண்டும். அடிக்கடி கேட்பவை: இன்றைய 15 அன்று 9, 16 அன்று 10, தீண்டாமை ஒழிப்பு 17 அன்று 11, 19 அன்று 13, 21 அன்று 15, 22 அன்று 15-ஏ, 29, 30 இரண்டும் அன்று 23, 32 அன்று 25, 40 அன்று 31-ஏ, 44 அன்று 35, 324 அன்று 289, ஆட்சிமொழி 343 அன்று 301-ஏ, 368 அன்று 304, காஷ்மீரின் 370 அன்று 306-ஏ. மூன்றாவது பிரிவு மட்டும் அன்றும் மூன்றுதான்.

பதிவுகள் 12 தொகுதி, நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசம். ஒரே பிரிவை இரண்டு மூன்று நாள் ஒத்திவைத்து எடுத்திருப்பார்கள், முதல் நாளைப் படித்துவிட்டு நிறுத்தினால் பாதி விவாதம் போய்விடும். '-ஏ' ஒட்டிய எண்களெல்லாம் வரைவில் இல்லாமல் சபையில் சேர்ந்தவை. அவற்றை முன்மொழிந்த நாளின் உரையிலிருந்து தொடங்குங்கள்.